கையைத் தூக்குமுன் கணக்கைப் பார்ப்போம்

அடுக்குமாடி நிர்வாகத்தில் செலவும் வாக்கும்



இன்று நம் கருத்தரங்கில் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு, குடியிருப்பு நிர்வாகத்தில் எழும் பணத் தகராறும் வாக்குத் தகராறும். தலைப்பைக் கேட்டவுடன், "இதில் பேச என்ன இருக்கிறது? மாதக் கட்டணம் கட்டினோமா, வீட்டைப் பூட்டினோமா என்று போகவேண்டியதுதானே!" என்று சிலர் நினைக்கலாம்.

பதினோராவது மாடியில் குடியிருக்கும் ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் மூன்று நாள் கீழே இறங்கிப் போய்வர வேண்டியவர். மின்தூக்கி கெட்டு இரண்டு மாதமாகிறது. பழுதுபார்க்கப் பணமில்லை என்கிறது நிர்வாகம். "பணம் எங்கே போனது, கணக்கைக் காட்டு" என்கிறார்கள் ஒரு சாரார். "நீ கட்டிய பணம் எவ்வளவு, அதை முதலில் சொல்" என்கிறார்கள் மறு சாரார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் படியிறங்க முடியாமல் நிற்பது அந்த மூதாட்டிதான்.

தோட்டப்புறத்தில் வரிசை வீட்டில் வாழ்ந்தபோது கூரை ஒழுகினாலும் குழாய் உடைந்தாலும் நிர்வாகத்திடம் போய்ச் சொன்னோம். இன்று நகரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறோம். இங்கே நிர்வாகம் என்பது வேறு யாரோ அல்ல. வீட்டை வாங்கிய நாமே நிர்வாகம். இந்த ஓர் உண்மை மனத்தில் பதியாததால்தான் பாதிச் சண்டை வருகிறது. மீதிப் பாதி, விதிமுறை தெரியாததால் வருகிறது.

முதலில், நம் வீடு எந்த வகை?

நம் நாட்டில் குடியிருப்பாளர் அமைப்புகள் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, அடுக்குமாடி வீடுகள், கொண்டோமினியங்கள் போன்றவை. இவற்றில் உங்கள் வீடு உங்களுக்குச் சொந்தம். படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி, நடைபாதை ஆகியவை எல்லாருக்கும் பொது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் இந்த வகைக் குடியிருப்புகளின் பராமரிப்பை ஆள்வது 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757. இது 2015 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. அதற்கு முன் 2007ஆம் ஆண்டின் சட்டம் 663 இருந்தது. அந்தச் சட்டம்தான் ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்பையும், கட்டட ஆணையர் என்ற பதவியையும் கொண்டுவந்தது.

தனித்தனி நிலப்பட்டா வழங்கப்படுவதற்கு முன் மேம்பாட்டாளரும் வீடு வாங்கியவர்களும் சேர்ந்து நடத்துவது ஜே.எம்.பி. பட்டா வந்தபின் உரிமையாளர்கள் தாங்களே நடத்துவது எம்.சி. எனப்படும் நிர்வாகக் கழகம். இரண்டிலும் நீங்கள் விரும்பிச் சேரும் உறுப்பினர் அல்ல. வீடு வாங்கினாலே உறுப்பினர்தான். "நான் இந்தச் சங்கத்தில் சேரவே இல்லையே, ஏன் கட்டவேண்டும்?" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது வகை, தரைவீடுகள் உள்ள தாமான்களில் இருக்கும் குடியிருப்பாளர் சங்கம். இது 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் சாதாரணச் சங்கம். சேருவதும் விடுவதும் நம் விருப்பம். இதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இரண்டு பெட்டிகள்

பணத் தகராறுக்கு வருவோம். அடுக்குமாடி நிர்வாகத்தின் பணம் இரண்டு தனித்தனிக் கணக்குகளில் இருக்கவேண்டும் என்பது சட்டம். இவற்றை இரண்டு பெட்டிகளாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெட்டி, பராமரிப்புக் கணக்கு. துப்புரவு, பாதுகாவலர் சம்பளம், பொதுவிளக்கு மின்கட்டணம், காப்புறுதி, கணக்காய்வு போன்ற அன்றாடச் செலவுகள் இதிலிருந்து போகும்.

இரண்டாவது பெட்டி, சிங்கிங் பண்ட் என்று ஆங்கிலப் பெயரிலேயே நாம் சொல்லிப் பழகிய நெடுங்காலச் சேமநிதி. கட்டடத்துக்கு முழுமையாகச் சாயம் பூசுவது, பழைய மின்தூக்கியை எடுத்துவிட்டுப் புதியது பொருத்துவது, பொது இடங்களைப் புதுப்பிப்பது போன்ற பெரிய செலவுகளுக்கு இது. ஜே.எம்.பி. காலத்தில் பராமரிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காட்டை இதற்கெனத் தனியே கட்டவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 வீடுகள் உள்ள ஒரு கட்டடம். எல்லா வீடும் ஒரே அளவு. மாதக் கட்டணம் 50 வெள்ளி, சேமநிதி 5 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கட்டினால் முதல் பெட்டிக்கு மாதம் 10,000 வெள்ளி, இரண்டாவது பெட்டிக்கு 1,000 வெள்ளி. பத்து ஆண்டில் சேமநிதி 120,000 வெள்ளி ஆகும். மூன்றில் ஒருவர் கட்டாவிட்டால் அது ஏறத்தாழ 80,000 வெள்ளியாகச் சுருங்கும். முதல் பெட்டியிலும் மாதம் 3,300 வெள்ளிக்குமேல் துண்டு விழும். பாதுகாவலர் சம்பளத்தை நிறுத்த முடியுமா? முடியாது. அப்போது என்ன நடக்கிறது? இரண்டாவது பெட்டியில் கையை வைக்கிறார்கள். "அடுத்த மாதம் திருப்பிப் போட்டுவிடலாம்" என்பார்கள். அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை. பத்தாவது ஆண்டில் மின்தூக்கி நின்றபோது பெட்டி காலி.

இதில் யாரும் பணத்தைத் திருடியிருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் பல இடங்களில், பணம் இல்லை என்றதும் "தலைவர் சாப்பிட்டுவிட்டார்" என்று சொல்லிவிடுகிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பழி சொல்லுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இரண்டு பெட்டியும் தனித்தனியாக இருக்கின்றனவா? வரவேண்டிய பாக்கி எவ்வளவு? சேமநிதியிலிருந்து எடுத்தது எதற்கு? இந்த மூன்றுக்கும் ஆண்டுக் கணக்கறிக்கையில் பதில் இருக்கவேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் தகுதி பெற்ற கணக்காய்வாளர் சரிபார்த்திருக்கவும் வேண்டும்.

இன்னொரு பயனுள்ள விஷயம். செயலவை தன் இஷ்டத்துக்குச் செலவு செய்வதைத் தடுக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. பொதுக்கூட்டம் விதிக்கும் கட்டுப்பாட்டுக்கும் தரும் உத்தரவுக்கும் உட்பட்டுத்தான் செயலவை இயங்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "இத்தனை வெள்ளிக்கு மேற்பட்ட வேலைக்கு மூன்று விலைக்குறிப்பு வாங்கவேண்டும், செயலவை உறுப்பினரின் உறவினர் நிறுவனம் போட்டியிட்டால் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர் விலகி நிற்கவேண்டும்" என்று ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் போதும். செலவு முடிந்தபின் சண்டை போடுவதைவிட, செலவுக்கு முன் வரம்பு கட்டுவது நல்லது.

கட்டாதவருக்கு என்ன நடக்கும்?

பாக்கி வைத்திருப்பவருக்கு நிர்வாகம் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் அவகாசம் தரவேண்டும். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேற்போகாத வட்டி விதிக்கலாம். பாக்கிதாரர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அப்படி ஒட்டி 14 நாள் கழிந்தபின் அவருடைய நுழைவு அட்டையை முடக்கலாம். நீச்சல் குளம், கார் நிறுத்துமிடம் போன்ற பொது வசதிகளை நிறுத்திவைக்கலாம்.

முடக்கலாம் என்றால் வீட்டுக்குள் போகவிடாமல் தடுக்கலாம் என்று பொருள் அல்ல. அட்டை வேலை செய்யாது. பதிவேட்டில் கையெழுத்திட்டு உள்ளே போகச் சொல்லலாம். வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி வைத்து அவமானப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை.

நோட்டீசுக்குப் பிறகும் தகுந்த காரணமின்றிக் கட்டாமல் இருப்பது சட்டப்படி குற்றம். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். கட்டட ஆணையர் மூலம் வீட்டிலுள்ள அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்யும் ஆணை பெறவும் வழியுண்டு.

இவ்வளவு கடுமையாக ஏன்? ஒருவர் கட்டாத பணத்தைக் கட்டுகிற மற்றவர் சுமக்கிறார். அந்த மற்றவரில் ஓய்வூதியக்காரரும் இருக்கலாம், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயும் இருக்கலாம். அதே நேரம், வேலை இழந்ததால் கட்ட முடியாதவர் வேறு, காரை மாற்றிக்கொண்டே கட்டணத்தை மட்டும் கட்டாதவர் வேறு. உண்மையில் முடியாதவர் மறைந்து திரியாமல் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தவணை கேட்கவேண்டும். நிர்வாகமும் அதற்கு இடம் கொடுக்கவேண்டும். வழக்குப் போட்டு வாங்கும் பணத்தைவிடத் தவணையில் வாங்கும் பணம் சீக்கிரம் வந்து சேரும்.

ஒரு கையா, பங்கு அலகா?

இனி வாக்குக்கு வருவோம். ஆண்டுக் கூட்டங்களில் அதிகம் கூச்சல் எழுவது இந்த இடத்தில்தான்.

அடுக்குமாடிப் பொதுக்கூட்டத்தில் வாக்களிப்பு இரண்டு விதம். சாதாரணமாகக் கையைத் தூக்கி வாக்களிப்போம். ஆனால் ஓர் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ "போல் வேண்டும்" என்று கேட்டால், கை எண்ணிக்கை போய்விடும். அப்போது பங்கு அலகுகளின்படி எண்ணுவார்கள். பங்கு அலகு என்பது வீட்டின் பரப்பளவையும் அதன் பயன்பாட்டு வகையையும் வைத்து நிர்ணயிக்கப்படும் எண். பெரிய இடத்துக்கு அதிக அலகு. அதிக அலகு உள்ளவர் அதிகக் கட்டணம் கட்டுகிறார். ஆகவே போல் எடுக்கும்போது அவருக்கு அதிக வாக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. மேலே 100 வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 10 அலகு. கீழே 4 கடைகள், ஒவ்வொன்றுக்கும் 150 அலகு. மொத்தம் 1,600 அலகு. கூட்டத்துக்கு வந்தவர்கள் 40 வீட்டுக்காரர்கள், 4 கடைக்காரர்கள். ஒரு தீர்மானத்தை வீட்டுக்காரர்கள் அனைவரும் ஆதரிக்கிறார்கள், கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். கையைத் தூக்கினால் 40க்கு 4. ஆனால் போல் எடுத்தால் 400க்கு 600. தீர்மானம் தோற்றுவிட்டது!

"இது என்ன அநியாயம், நாற்பது பேரை நான்கு பேர் தோற்கடிப்பதா?" என்று நாற்காலியைத் தூக்குகிற இடம் இதுதான். ஆனால் தோற்கடித்தது அந்த நான்கு பேர் அல்லர்; வராமல் வீட்டில் இருந்த அறுபது பேர். அவர்களில் இன்னும் இருபத்தொரு பேர் கீழே இறங்கி வந்து ஆதரித்திருந்தால் 610க்கு 600. மேம்பாட்டாளர் விற்காமல் வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே கணக்குதான். அவருக்கு அலகு இருக்கிறது, வாக்கும் இருக்கிறது. குடியிருப்பவர்கள் வராத கூட்டத்தில் அவருடைய குரலே பெரிதாகக் கேட்கும்.

கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகை, வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப்பேர். அரை மணி நேரம் காத்திருந்தும் பாதி சேராவிட்டால், வந்திருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம். ஆகவே "கூட்டம் சேராது, அதனால் முடிவும் எடுக்க முடியாது" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இருபது பேர் வந்தாலும் முடிவு எடுக்கப்படும். அந்த முடிவு இருநூறு பேரையும் கட்டும்.

யாருக்கு வாக்கு இல்லை?

நாம் கவனிக்கத் தவறும் மூன்று விதிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பாக்கி. கூட்டத்துக்கு முந்திய ஏழாவது நாளன்று உங்கள் கணக்கில் ஏதேனும் பாக்கி இருந்தால் நீங்கள் வாக்களிக்க முடியாது. கூட்டத்தன்று காலையில் வந்து பணத்தைக் கட்டிவிட்டு "இப்போது வாக்குச்சீட்டைக் கொடு" என்று கேட்பதில் பயனில்லை. நிர்வாகத்தின்மேல் கோபப்பட்டுக் கட்டணத்தை நிறுத்துகிறவர்கள், அந்த நிர்வாகத்தை மாற்றும் வாக்கையும் சேர்த்தே இழந்துவிடுகிறார்கள். பல இடங்களில் அதிருப்தியாளர்கள் தோற்பது இப்படித்தான்.

இரண்டாவது, பிராக்சி. வர முடியாதவர் தமக்குப் பதிலாக ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கலாம். அவர் வீட்டு உரிமையாளராக இருக்கவேண்டும் என்பதில்லை. மகனாகவோ வாடகைக்கு இருப்பவராகவோ இருக்கலாம். ஆனால் பாரம் கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே நிர்வாக அலுவலகத்தில் சேர்ந்துவிட வேண்டும். முக்கியமாக, ஒருவர் ஒரே ஓர் உரிமையாளருக்கு மட்டும்தான் பிராக்சியாக இருக்கமுடியும். வீடு வீடாகப் போய் முப்பது பாரம் வாங்கி வைத்துக்கொண்டு "இந்த முப்பது வாக்கும் என்னுடையது" என்று யாரும் மேசையைத் தட்ட முடியாது.

அண்டை நாடான சிங்கப்பூரிலும் இந்தப் பிரச்சினை இருந்தது. அங்கே 2019 பிப்ரவரி முதல், ஒரு பிராக்சி மொத்த வீடுகளில் 2 விழுக்காடு அல்லது இரண்டு வீடுகள், இவற்றில் எது அதிகமோ அதற்குமேல் பிரதிநிதிக்க முடியாது என்று வரம்பு வைத்தார்கள். வெள்ளைப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல. யாரிடம் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, கூட்டுப் பெயர். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால், இருவரும் சேர்ந்து ஒருவரைப் பிராக்சியாக நியமிக்க வேண்டும். இல்லாவிட்டால் கையைத் தூக்கும் சாதாரண வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு இல்லை. "என் வீட்டுக்கு நான் வாக்களிக்க முடியாதா?" என்று வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை. முன்கூட்டியே பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாக்கின் பலம்

ஒரு தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு நல்ல சான்று. கோலாலம்பூர் மொண்ட் கியாராவில் உள்ள வெர்வ் சுவீட்ஸ் குடியிருப்பில், வீடுகளைச் சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதைத் தடைசெய்து உரிமையாளர்கள் பொதுக்கூட்டத்தில் விதி கொண்டுவந்தார்கள். மீறினால் நாளொன்றுக்கு 200 வெள்ளி அபராதம். "என் வீட்டை நான் யாருக்கு வேண்டுமானாலும் விடுவேன்" என்று எதிர்த்தரப்பு வழக்காடியது. அந்த விதி செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்படிப்பட்ட கூடுதல் விதிகளுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, போல் எடுத்து, விழுந்த செல்லுபடியாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு பெறவேண்டும். இதற்குச் சிறப்புத் தீர்மானம் என்று பெயர். உங்கள் சொந்த வீட்டை நீங்கள் பயன்படுத்தும் முறையையே கட்டுப்படுத்தும் பலம் அந்த வாக்குக்கு உண்டு. இதைத் தெரிந்தபிறகும் ஆண்டுக் கூட்ட நோட்டீசை மடித்துக் குப்பையில் போடலாமா?

தாமான் சங்கங்களின் நிலை வேறு

இனி தரைவீடுகளுக்கு வருவோம். தாமானில் திருட்டு அதிகமானதும் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கிறார்கள். நுழைவாயிலில் தடுப்புக் கம்பம் போட்டு, காவலர் வைத்து, மாதச் சந்தா வாங்குகிறார்கள். இங்கே சாலை அரசாங்கத்தின் சாலை. சங்கத்தில் சேராதவரைச் சந்தா கட்டச்சொல்லிச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர் தம் வீட்டுக்குப் போவதைத் தடுக்கவும் முடியாது.

அதற்காகச் சந்தா கட்டாதவருக்கு எல்லாச் சேவையும் கிடைக்கவேண்டும் என்பதும் இல்லை. கோத்தா டாமான்சாராவில் டி'வில்லா இக்வெஸ்ட்ரியா குடியிருப்பாளர் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. சந்தா கட்டாதவர்கள் தடுப்புக் கம்பத்தைத் தாங்களே திறந்துகொண்டு போகவேண்டும் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. இது தொல்லை, இடையூறு என்று குடியிருப்பாளர் ஒருவர் நீதிமன்றம் போனார். ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு அமைக்கப்பட்ட காவல் சாவடியும் கம்பமும் சட்டவிரோத இடையூறு ஆகா என்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

இதில் கவனிக்கவேண்டியது "ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு" என்ற சொற்களை. அனுமதி இல்லாமல் சாலையில் பீப்பாயை உருட்டிவைத்துவிட்டு இந்தத் தீர்ப்பைக் காட்ட முடியாது. சங்கத்தின் கணக்கு, தேர்தல், வாக்குரிமை எல்லாம் அதன் சட்டவிதிப் புத்தகத்தில் உள்ளபடி நடக்கவேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்கு ஆண்டறிக்கை போகவேண்டும். பல சங்கங்களில் சண்டை வரும்போதுதான் அந்தப் புத்தகத்தையே தேடுகிறார்கள்!

நேயர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

"சேவை சரியில்லை. குப்பை அள்ளுவதில்லை. கட்டணத்தை நிறுத்திவைக்கலாமா?"

கூடாது. சேவை மோசம் என்பது கட்டாமல் இருப்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணமாக அமைவது அரிது. கட்டிவிட்டு முறையிடுங்கள். கட்டியவரின் புகாருக்குத்தான் வலிமை. வாக்கும் அவருக்குத்தான்.

"கணக்கைக் கேட்டால் காட்டமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?"

வாயால் கேட்டதை எழுத்தில் கேளுங்கள். தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு கேளுங்கள். உரிமையாளருக்குக் கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமை உண்டு. பதில் வராவிட்டால் உங்கள் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையர் அலுவலகத்துக்குப் புகார் செய்யுங்கள். அதற்கும் மேலே ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. இது 2015 ஜூலை முதல் இயங்குகிறது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். தகவல் கொடுக்கும்படி உத்தரவிடவும், முறைகேடாக நடந்த கூட்டத்தையும் தீர்மானத்தையும் செல்லாது என அறிவிக்கவும் இதற்கு அதிகாரம் உண்டு. பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். இதன் தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம்.

"ஆண்டுக் கூட்டமே கூட்டுவதில்லையே?"

ஆண்டுக்கு ஒரு முறை கூட்டவேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே 15 மாதத்துக்குமேல் போகக்கூடாது. கூட்டாவிட்டால், கூட்ட உத்தரவிடும்படி நடுவர் மன்றத்தைக் கேட்கலாம். நிர்வாகக் கழகமாக இருந்தால், மொத்தப் பங்கு அலகில் நான்கில் ஒரு பகுதி உள்ளவர்கள் கையெழுத்திட்டு அவசரப் பொதுக்கூட்டம் கேட்கவும் வழியுண்டு. நான்கில் ஒரு பகுதியைத் திரட்ட முடியவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது என்று நாமே யோசிக்கவேண்டும்.

"தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பொதுப் பணத்தில் விருந்து வைக்கலாமா?"

நல்லெண்ணத்தோடு தொடங்கிச் சண்டையில் முடியும் விஷயம் இது. பராமரிப்புப் பணம் பொதுச் சொத்தைப் பராமரிக்கவும் நிர்வகிக்கவும் வாங்கிய பணம். சட்டம் அடுக்கிச் சொல்லும் செலவுகளில் விருந்து இல்லை. ஆகவே விருப்பமுள்ளவர்களிடம் தனியே நன்கொடை வாங்கி, தனி ரசீது போட்டு, தனிக் கணக்குக் காட்டுவதே நல்லது. அப்போதுதான் யாருக்கு எவ்வளவு செலவழித்தாய் என்ற பேச்சு வராது. மூன்று இனமும் ஒரே பந்தியில் உட்காரும் விருந்து, கணக்குச் சண்டைக்குக் காரணமாகக் கூடாது.

"செயலவைக்கு வரச் சொல்கிறார்கள். கெட்ட பெயர்தான் மிஞ்சும் என்று பயமாக இருக்கிறது."

நல்லவர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கினால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. யாராவது உட்காரத்தான் செய்வார்கள். மாதந்தோறும் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பாக்கி எவ்வளவு, இரண்டு பெட்டியிலும் இருப்பு எவ்வளவு என்ற நான்கே வரி போதும். மறைக்காதவரைப் பற்றி ஊர் அதிகம் பேசாது.

நமக்குப் புதிதல்ல

குழு அமைத்து, ஆள் தேர்ந்து, கணக்குக் கேட்பது நமக்கு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த பாடம் அல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முற்பட்டவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு வாரிய உறுப்பினரை எடுத்த முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. யார் தகுதியற்றவர் என்ற பட்டியலும் அதில் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

அந்த முறையில் இன்றைய பார்வைக்குக் குறைகளும் உண்டு. நிலமும் படிப்பும் உள்ள சிலருக்கு மட்டுமே அந்த வாய்ப்பு இருந்தது. இன்று நம் நிலைமை அப்படி இல்லை. மலிவு விலை வீட்டில் குடியிருக்கும் துப்புரவுத் தொழிலாளியும் வீட்டு உரிமையாளர் என்ற முறையில் எழுந்து நின்று, "தலைவரே, இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்கலாம். அவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். முன்னோருக்குக் கிடைக்காத உரிமை அது. அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதுதான் பெரிய நட்டம்.

ஆகவே நேயர்களே, அடுத்த ஆண்டுக் கூட்ட நோட்டீஸ் உங்கள் கதவுக்கு வரும்போது நான்கு காரியம் செய்யுங்கள். பாக்கி இருந்தால் ஏழு நாளுக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். வரமுடியாவிட்டால் நம்பிக்கையானவருக்குப் பிராக்சி எழுதிக் கொடுங்கள். கணக்கறிக்கையை வாங்கி, கூட்டத்துக்கு முந்திய இரவே படியுங்கள். கேட்கவேண்டியதை மரியாதையோடு, ஆனால் விடாமல் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கையோடு அழைத்து வாருங்கள்.

தேர் ஊருக்குப் பொது. வடத்தைப் பிடிக்க எல்லாக் கையும் வேண்டும். சிலர் இழுக்க, சிலர் வேடிக்கை பார்த்தால் தேர் தெருவிலேயே நின்றுவிடும். மின்தூக்கியும் அப்படித்தான்.